வெள்ளிக்கிழமைகளில் வந்த காரீயம்

தென்காசியில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மிளகாய்ப்பொடி, அரிசி, பாத்திரம், பொம்மையில் பூசிய பெயின்ட் என்று எது வந்தாலும் அதில் காரீயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவா என்று அளந்து சொல்ல வேண்டும். அரை கிராம் எடை போட்டு, அமிலத்தில் கரைத்துக் கருவிக்குக் கொடுப்பேன். கண்ணுக்கே தெரியாத அளவைக்கூட அது எண்ணாகக் காட்டிவிடும். அந்தக் கருவி பொய் சொல்லாது என்று நம்பினேன். அது பொய் சொல்லவும் இல்லை.

போன வருடம் ஆனி மாதம் இலத்தூரிலிருந்து ஓர் அக்கா மஞ்சள்பொடி கொண்டுவந்தார். விரலி மஞ்சள் வாங்கி மாடியில் காயவைத்து, வீட்டோடு இருக்கும் சின்ன மில்லில் அரைத்து விற்பவர். கேரளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், பரிசோதனை அறிக்கை இருந்தால்தான் வாங்குவேன் என்று சொல்லியிருந்தாராம்.

அன்று வெள்ளிக்கிழமை. அதே பொடியை இரண்டு குழாய்களில் போட்டு அளந்தேன். ஒன்றில் காரீயம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. மற்றதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இப்படி வந்தால் மறுபடியும் அளக்க வேண்டும். எங்கள் மேலாளர் விடுப்பில் இருந்தார், வேலையும் குவிந்து கிடந்தது. பொடி சரியாகக் கலக்காமல் இருந்திருக்கும், சாப்பிடும் பொருள் என்பதால் கூடுதலாக வந்ததையே எழுதுவதுதான் பாதுகாப்பு என்று நானே முடிவு செய்தேன். அறிக்கை போய்விட்டது.

அறிக்கையை வாங்க வந்த அந்த அக்கா சண்டை போடவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"எங்க வீட்லயும் இதத்தான் மேடம் போடுதோம். பிள்ளைக்குப் பால்ல கலந்து குடுக்கேன். இது என்ன செய்யும்?"

படித்ததைச் சொன்னேன். காரீயம் உடம்பை விட்டு லேசில் போகாது, சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்று. மெதுவான குரலில்தான் சொன்னேன். மகளுக்கு எட்டு வயது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எங்கள் 'பிளாங்க்' கெட ஆரம்பித்தது. பிளாங்க் என்பது பொருள் எதையும் போடாமல் அமிலமும் தண்ணீரும் மட்டும் ஊற்றிய குழாய். அதில் உலோகம் எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அழுக்கு எங்கள் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். அமில பாட்டிலை மாற்றினேன். குழாய்களை இரண்டு முறை கழுவினேன். ரோட்டுத் தூசியாக இருக்குமோ என்று, சாரல் காற்று அவ்வளவு சுகமாக அடித்த நாட்களிலும் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். இரண்டு நாள் சரியாக இருக்கும், மறுபடி வரும். கடைசியில் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: கெட்ட நாட்கள் எல்லாமே செவ்வாயும் வெள்ளியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை தராசின் மேல் குனிந்து எடை போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாளில் ஒரு சிவப்புத் துகள் கிடந்தது. ரவையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. என் கை தானாக நெற்றிக்குப் போனது.

குற்றாலத்தில் எங்கள் வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் விளக்கேற்றியதும் அத்தை, அதாவது என் மாமியார், எனக்குக் குங்குமம் வைத்துவிடுவார். மற்ற நாட்களில் ஸ்டிக்கர் பொட்டுதான். அந்தக் குங்குமம் எப்போதோ ஒரு திருவிழாவில் வாங்கிய பெயரில்லாத பாக்கெட், ஆனியில்தான் பிரித்திருந்தார். மறுநாள் ஒரு சிட்டிகை கொண்டுபோய்க் கரைத்து ஓட்டினேன். காரீயம் அந்தக் கருவி அளக்கக்கூடிய எல்லையையே தாண்டியது.

எடுத்து வைத்திருந்த மிச்ச மஞ்சள்பொடியை நான் தொடவில்லை. உடன் வேலை பார்ப்பவர் மூன்று தடவை அளந்தார். மூன்றிலும் சுத்தம். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போனில் சொல்லிவிடலாமே என்றார். நேரில் போகிறேன் என்று பஸ் ஏறினேன்.

இலத்தூரில் மில் பூட்டிக் கிடந்தது. அக்கா வீட்டுக்குள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நீட்டிய அறிக்கையை அவர் வாங்கவே இல்லை.

"அப்ப எம் பிள்ளைக்கு ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்லக்கா. தப்பு எம்மேலதான்."

கத்தியைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"மூணு வாரமா அவ கணக்குல ஒரு தப்பு விட்டாக்கூட அவ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம். இன்னொரு தடவ அளந்திருக்கலாம்லா."

அரைத்து வைத்திருந்த பொடியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டதாகவும், கேரளத்துக்காரர் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்துவிட்டதாகவும் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். புறப்படும்போது வாசல் வரை வந்தார்.

வீட்டில் அத்தையிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. "இதுக்கு முன்னால வாங்குனதும் அந்தத் திருவிழாக் கடைலதான். இத்தன வருசமா வச்சிருக்கேன், எனக்கு என்ன ஆயிட்டு?" என்றார். தினமும் அதைத் தொட்ட கையோடு தேங்காயும் பழமும் நறுக்குகிறவர். வற்புறுத்தி அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல். பயப்பட ஒன்றுமில்லை, அந்தக் குங்குமத்தை நிறுத்துங்கள், சில மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். எனக்கும் பார்த்தார்கள், சரியாக இருந்தது.

அதன் பிறகு அத்தை கேஸ் அடுப்பை அணைக்க மறந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மாற்றிச் சொன்னாலும் நான் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். முன்பும் அப்படி மறந்தவர்தான். ஆனாலும் பார்த்தேன். இலத்தூரில் அந்த மூன்று வாரம் எப்படிப் போயிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐப்பசியில் இரண்டாம் பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது. இப்போதெல்லாம் அத்தை புதுப் பாக்கெட் வாங்கினால், "ஏட்டி, இத மொதல்ல ஒன் மிஷின்ல போட்டுப் பாத்துட்டு வா" என்று என் கையில் கொடுத்துவிடுகிறார்.

தை மாதம் இலத்தூர் அக்கா புது மஞ்சள்பொடியோடு வந்தார். வேறு கூடத்துக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். படிவத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் 'ரெண்டு பேர் அளக்கணும்' என்று எழுதியிருந்தார். நானும் உடன் வேலை பார்ப்பவரும் தனித்தனியாக அளந்தோம். இரண்டு எண்களும் ஒன்றையொன்று ஒட்டி வந்தன, இரண்டுமே எல்லைக்கு வெகு கீழே. அக்கா இரண்டையும் விரல் வைத்துப் படித்தார். பிறகு மகள் நாலாம் வகுப்புப் போகப் போகிறாள் என்று சொல்லிவிட்டு, ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்.