அத்தையின் மழைக்கால அலமாரி

முடிச்சூரில் எங்கள் தெருவுக்கு மழை நிலவரம் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டிவியில் வரும் வானிலை அதிகாரி. இன்னொருவர் என் அத்தை. வானிலை அதிகாரி சில சமயம் தப்பாகச் சொல்லிவிடுவார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்கள் வீட்டு மாடியில் தனிச் சமையலறை வைத்துக்கொண்டு இருந்தார். செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். வாங்கிய பருப்பையும் மிளகாயையும் மொட்டை மாடியில் காயவைப்பார். அரிசி டிரம்மில் வேப்பிலையைப் போட்டு மூடுவார். ரவை, புளி, வற்றல், மெழுகுவர்த்தி என்று அலமாரி கூரை வரை நிரம்பும். டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டும் வேலை ஒன்பது வயதான எனக்கு. ஒற்றெழுத்து விட்டுப்போனால் திரும்ப எழுத வேண்டும்.

"கடை ஏதாவது தொறக்கப் போறியாக்கா?" என்பார் அப்பா.

"மழை வரட்டும், அப்ப கேளு."

அந்த வருஷம் மழை வந்தது. ராத்திரியெல்லாம் பெய்து, காலையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். கீழ்வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. நர்ஸான அம்மா ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டார். அப்பாவும் நானும் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினோம்.

எதிர்வீடு தரைத்தளம் மட்டும்தான். அந்த வீட்டு ஆன்ட்டிக்கும் அத்தைக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. எங்கள் தென்னை மட்டை அவர்கள் கார் கண்ணாடியில் விழுந்ததிலிருந்து வந்த வினை. மட்டை எங்களுடையது என்றாலும் நியாயமும் எங்கள் பக்கம்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். எனவே அப்பா கழுத்தளவு நனைந்து அந்த ஆன்ட்டியையும் அங்கிளையும் அவர்களது இரண்டு பெண்களையும் அழைத்து வந்தபோது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆன்ட்டி மாடிப்படியிலேயே நின்றுவிட்டார். "இங்கயே இருக்கோம் டீச்சர். தண்ணி வடிஞ்சதும் போயிடுறோம்" என்றார், அத்தையின் முகத்தைப் பார்க்காமல்.

அத்தை சரேலென்று உள்ளே போனார். வெளியே வந்தபோது வலது மணிக்கட்டில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார்.

"நல்ல வேளை நீங்க வந்தீங்க. அரிசி டிரம்மை நகர்த்தினேன், கை சுளுக்கிடுச்சு. கரண்டி புடிக்க முடியல. என் தம்பி சமைச்சா, வெள்ளத்துல தப்பிச்சவங்க சாப்பாட்டுல போய்ச் சேர்ந்துடுவோம்."

இப்படிச் சொல்லி, அலமாரிச் சாவியை ஆன்ட்டியின் ஈரக் கையில் வைத்தார். எனக்குப் பகீரென்றது. அந்தச் சாவியை அப்பாவிடம்கூட அவர் கொடுத்ததில்லை.

ஆன்ட்டி முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். சிறிது நேரத்தில் அடுப்பிலிருந்து ரவை வறுபடும் வாசனை எழுந்தது. நான் அலமாரிக்குக் காவலாக நின்றேன்.

"டீச்சர், இந்த முந்திரி கிறிஸ்துமஸுக்கு வெச்சிருக்கீங்க போலிருக்கே?"

"மழை முதல்ல வந்துடுச்சே. போடுங்க."

பக்கத்து வீட்டு மொட்டை மாடிகளுக்கும் கயிற்றில் தூக்குச்சட்டி போயிற்று. மூன்று நாள் அந்தச் சமையலறையில் ஆன்ட்டிதான் ராணி. "டீச்சர், புளி கொஞ்சம் அளவாத்தான் எடுக்கணும்" என்று அத்தையையே அதட்டினார். அத்தை நல்ல மாணவி போலத் தலையாட்டினார். முதல் நாள் சாயங்காலம் நான் அத்தையின் வலது மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் துண்டு இடது கையில் இருந்தது. ரசம் கலக்கிக்கொண்டிருந்த ஆன்ட்டியும் அதைப் பார்த்தார். கரண்டி நின்றது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் முகத்தைத் துடைத்தார். வெங்காயம் நறுக்கினால் கண் எரியும்தான். ஆனால் ரசத்துக்கு எதற்கு வெங்காயம் என்று நான் யோசிக்கவில்லை. சுளுக்கு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு நகரும் போலிருக்கிறது என்று நினைத்து, அன்று சாயங்காலம் இடது கையில் தேய்த்தேன்.

தண்ணீர் வடிந்ததும் ஆன்ட்டி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "கை எப்படி இருக்கு டீச்சர்?"

"உங்க ரசத்துல சரியாயிடுச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தைலம் தேய்த்தது நான் அல்லவா? பள்ளி திறந்ததும், என் கை பட்டால் சுளுக்கு பறந்துவிடும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.