றஹ்மா தட்டிய பிடிகள்

பாலையூற்றில் உள்ள எங்கள் பிடித் தொழிற்சாலைக்கு முப்பத்தைந்து வயதாகிறது. அதன் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி முதலாளி மதுசன் கேட்டார். நாலு எழுத்துத் தெரிந்தவன் என்று என் தலையில் கட்டிவிட்டார். அவருடைய தகப்பன் தொடங்கினார், சண்டையில் இரண்டு தரமும் கொரோனாவில் ஒரு தரமும் மூடித் திறந்தோம், மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பிடி செய்கிறோம். வரலாறு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் றஹ்மாவின் கதை.

பாலம் வராத காலத்திலேயே கிண்ணியாவிலிருந்து படகேறி வேலைக்கு வந்த பெண் அவர். கடைந்து முடிந்த பிடியை நிமிர்த்திப் பிடித்துச் சீமெந்துத் தரையில் விடுவார். ணங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே வெடிப்பு, விறகுக்குப் போய்விடும். கடைச்சல் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அதைப் பிரித்துக் கேட்பது லேசான வேலை இல்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரே இடத்தில் தட்டித் தட்டித் தரையில் குழி விழுந்துவிட்டது. அவருக்கு எதிரே இருந்து, தேறிய பிடிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டுகிறவன் நான், சின்னராசா.

போன வருஷம் அவருக்குக் காது மந்தமானது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். டொக் என்ற பிடிகளும் என் பக்கம் வரத் தொடங்கின. சொன்னால் மதுசன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். படுக்கையில் கிடக்கும் கணவனுக்கும் சேர்த்து உழைக்கிற மனுசி. வாயை மூடிக்கொண்டு, கட்டுகிற நேரமெல்லாம் நானே காதைக் கொடுத்து, பழுதானவற்றை எடுத்து விறகுக்குள் செருகினேன். எட்டு மாதம். அவருடைய வேலையையும் சேர்த்துச் செய்து களைத்துப்போனேன். ஒன்றும் தெரியாமல் அவர் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க எரிச்சலும் வந்தது.

சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள் லீவு போட்டேன். அடுத்த மாதம் மூதூரிலிருந்து ஒரு மண்வெட்டிப் பிடி இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. வரம்பு கட்டிய மனுசனுக்கு உள்ளங்கையில் ஏழு தையல். பிடியின் அடியில் குத்தியிருந்தது நான் வராத அந்த நாளின் திகதி.

றஹ்மா முறிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத நான்தான் தட்டின. எனக்கு நல்லாத்தானே கேட்டிச்சி?"

அதற்குமேல் என்னால் ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு விளங்குவதற்கு இரண்டு தரம், உரத்துச் சொல்லவேண்டியிருந்தது.

"எட்டு மாசமா?"

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருந்தா, சொன்ன அண்டைக்கே தட்டுறத உட்டிருப்பன். நீங்க என்னைக் காப்பாத்தல்ல, சின்னராசாண்ணன். ரெண்டு பேருமாச் சேந்து அந்த மனிசன்ட கையை வெட்டிட்டம்."

நேரே மதுசனின் அறைக்குப் போய்த் தன் காதைப் பற்றி மட்டும் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. மதுசன் அவரை அனுப்பவும் இல்லை. கட்டுகிற இடத்தில் அவரை இருத்தி, என்னைத் தட்டச் சொன்னார். எட்டு மாதப் பயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோனது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அந்தக் குழிக்குள் நான் தட்டுகிறேன். அதே இரைச்சலுக்குள் நானும் இத்தனை வருஷம் இருந்தவன்தான். போன கிழமை றஹ்மாவின் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"எனக்கும் கேக்காமப் போனா, நீங்கள் சொல்லுவீங்களோ?"

என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கயிற்றை இறுக்கி முடிந்தார்.

"அண்டைக்கே சொல்லுவன்" என்றார்.