படிவத்தில் இல்லாத கேள்வி

1. எல்லாம் சரி

அட்ஜுடன்ட் கெர்பர் லொறியை மைதானத்தின் நடுவில் நிறுத்திவிட்டுத் தானாகவே நடந்து மருத்துவ அறைக்கு வந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருடைய சட்டைக் கொலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது, ஃபிராவ் சிவா. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பயமா இருக்கு" என்றார்.

அவர் பேசியது சுவிஸ் டொச், சுவிட்சர்லாந்தில் பேசும் ஜெர்மன்; 'ஃபிராவ்' என்றால் திருமதி. நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

நான் இருந்த ஆரா நகரத்திலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில் இருந்த அந்தப் படைமுகாமில் பதினெட்டு வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தேன். சீருடை இல்லாத சிவில் ஆள். இரத்தம் எடுப்பது, ஈசிஜி போடுவது, படிவம் நிரப்புவது என் வேலை. கெர்பர் ஐம்பத்தொரு வயதுப் பெண்; அட்ஜுடன்ட் என்பது அவருடைய படைப்பதவி. புதிதாகப் படைக்கு வருகிறவர்களுக்குக் கனரக வாகனம் ஓட்டப் பழக்குகிறவர்.

அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. ஈசிஜி சரி, இரத்தம் சரி, தைரொயிட் சரி. முகாம் டொக்டர் இளம் ஆள், பொறுமையானவர்.

"களைப்புத்தான். லொறி ஓட்டலாமோ எண்டு தகுதிப் பரிசோதனைக்கு எழுதுவம். கந்தோரிலை மேசை வேலைக்கு மாத்தினால் நல்லது" என்றார்.

கெர்பர் ஜன்னலால் லொறியைப் பார்த்தார். லொறியை விட்டு இறக்கினால் அவர் உடைந்துபோவார் என்று எனக்குத் தெரிந்தது.

டொக்டர் வெளியே போனதும், வயர்களைக் கழற்றிக்கொண்டே கேட்டேன்.

"நித்திரை எப்பிடி?"

"இரண்டு மணித்தியாலம். பிறகு தெப்பமா நனைஞ்சுபோய் எழும்புவன்."

"கடைசியா எப்ப பீரியட் வந்தது?"

"ஏழு மாதம் இருக்கும். ஏன்?"

எங்கள் படிவத்தில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: கர்ப்பமா, இல்லையா. நான் மற்றதைக் கேட்டது படித்ததால் அல்ல, பட்டதால். நானும் இரண்டு வருடம் அதே வேர்வையையும் அதே படபடப்பையும் பிரஷர் என்று சொல்லி வீட்டில் மறைத்தேன். எங்கள் ஆட்களுக்குள் இதைக் கதைப்பதில்லை. படைக்குள்ளும் கதைப்பதில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

2. டொக்டரின் பதில்

கெர்பரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் டொக்டரிடம் போனேன். "உன் வேலையைப் பார்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்தப் பயத்தோடுதான் கதவைத் தட்டினேன்.

"மாதவிடாய் நிக்கிற காலமா இருக்கலாம், டொக்டர்."

பேனையைக் கீழே வைத்தார்.

"இது எனக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. படிக்கேக்கை எங்களுக்கு இதைப் பற்றிப் பெரிசாச் சொல்லித்தரேல்லை" என்றார்.

தகுதிப் பரிசோதனைக் கடிதத்தை நிறுத்திவைத்து, பெண்நோய் மருத்துவரிடம் அனுப்பினார். சிகிச்சை தொடங்கிய நாலு மாதத்தில் கெர்பர் திரும்பவும் லொறியில் ஏறினார். பிழையை ஒத்துக்கொள்ளும் ஒரு டொக்டரோடு வேலை செய்யக் கிடைத்ததை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

3. பேர்ண்

அடுத்த வருடம் கெர்பர் ஒரு செய்தியோடு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பெண் உறுப்பினர் பாராளுமன்றத்தில் ஒரு பிரேரணை கொண்டுவரப் போகிறார். படையில் இருக்கும் பெண்களும் படையை விட்டு விலகிய பெண்களும் இந்தக் காலத்தில் என்ன பாடு படுகிறார்கள் என்று அரசு ஆராய வேண்டும், அதற்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு முன் சில உறுப்பினர்களுக்கு நேரில் விளக்க வேண்டுமாம்.

"நீங்களும் வாங்கோ" என்றார்.

"நான் அகதியா வந்த ஆள். என்ர டொச்சிலை பிழை வரும்."

"நீங்கள் கேட்ட கேள்வியிலை பிழை இருக்கேல்லையே."

போனேன். தலைநகர் பேர்ணில், பாராளுமன்றக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை, நீள மேசை. கெர்பர் தன் கதையைத் தானே சொன்னார். வயதான உறுப்பினர் ஒருவர் என்னைப் பார்த்து மரியாதையாகவே கேட்டார்: "படையிலை இந்த வயசிலை எத்தனை பொம்பிளையள் இருக்கினம்? இந்தக் கொஞ்சப் பேருக்கு ஒரு ஆராய்ச்சி தேவையோ?"



"எத்தனை பேர் கஷ்டப்படினம் எண்டு எனக்குத் தெரியாது, ஐயா. பதினெட்டு வருசமா நான்தான் படிவம் நிரப்பினனான். ஒருதரிட்டையும் கேக்கச் சொல்லி அதிலை இல்லை."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வாக்கெடுப்பு நாளில் நானும் கெர்பரும் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தோம். அங்கே கை தட்டக் கூடாது. பிரேரணை நிறைவேறியபோது கெர்பர் என் கையை நோக இறுக்கினார். பாராளுமன்றத்தின் மற்றச் சபையும் இதை ஏற்க வேண்டும், சட்டமாகக் காலம் எடுக்கும் என்று சொன்னார்கள். சபை ஒருமுறை ஓம் சொன்னதே எங்களுக்குப் பெரிது.

படியால் இறங்கும்போது, பார்வையாளர் வரிசையில் எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு முதிய பெண் எங்களை நிறுத்தினார். முன்பு படையில் தொலைத்தொடர்புப் பிரிவில் இருந்தவராம்.

"ஆக்களின்ரை பேர் மறக்கும், நித்திரை இல்லை, காரணமில்லாமல் அழுகை வரும். எனக்குப் புத்தி பேதலிக்குது எண்டு நினைச்சு நானாவே விலகினனான். இருபது வருசமா அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருந்தனான்."

கெர்பர் அவருடைய மேலங்கியை வாங்கிப் பிடித்து, "வாங்கோ, கோப்பி குடிப்பம்" என்றார். பின்னேரம் வரை அந்த அம்மா கதைத்தார். எழும்பும்போது என்னிடம், "இதை எங்கையாவது எழுதி வையுங்கோ" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சோதனை முடிவுகள் எல்லாம் சரியாக வந்தனவென்று கோப்பினை மூடிவிடாதீர்கள். ஆள் இன்னும் உங்கள் முன்னால்தான் இருக்கிறார்.