ஆபரேட்டரைக் கேட்கவும்

மனோகரன் சார் போய்விட்டார்.

காலையில் வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை... அதில் வருவதில் பாதி புருடா. அவருடைய தம்பிக்கே போன் போட்டேன். "ஆமாங்ணா, நெசந்தான்" என்றார்.

எப்படி என்று கேட்டேன். "திடீர்னுங்க..." என்றார். திடீர் என்றால் என்ன, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார்? அழுகிற மனிதரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது. வைத்துவிட்டேன்.

அவர் யார் என்று தெரியாதவர்களுக்கு... மஞ்சூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் டீ பேக்டரியில், பச்சை இலை எடை போடும் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர். கோயமுத்தூர்க்காரர். சி மொழியில் எழுதியது என்பார். நான் பத்தாவதையே இரண்டு தடவை எழுதியவன். புரிந்தமாதிரி தலையாட்டிக்கொள்வேன்.

அந்தப் புரோகிராம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. எடை பதிவாகாமல் போனால் திரையில் கொட்டை எழுத்தில் வரும்: "பிழை. ஆபரேட்டரைக் கேட்கவும்."

ஆபரேட்டர் நான்தான்.

இலை மூட்டையோடு நிற்கும் விவசாயிகள் அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் திரையைப் பார்ப்பேன். திரை என்னைக் கேட்கச் சொல்லும்.

காலை ஷிப்டில் வரவே வராது. என் மாலை ஷிப்டில் மட்டும் வரும். ஊருக்கு இது போதாதா?

"ஏனுங்ணா, உங்க கை பட்டா மட்டும் மெஷினுக்குக் காச்சல் வருதே" என்றார் இலை கொண்டுவந்த ஒருவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை.

ஒருவர் இலையை இன்னொருவர் பேரில் ஏற்றுகிறேன் என்று பேச்சு கிளம்பியது. கேட்டில் இருந்த கேமரா போதாதென்று மேனேஜர் என் தலைக்கு மேல் ஒன்று மாட்டினார். பிழை அடிக்கடி வந்தது. முதுகுக்குப் பின்னால் இன்னொன்று மாட்டினார். பிழை தினமும் வந்தது!

வீட்டுக்காரி ஒருநாள் சோறு போட்டபடியே கேட்டாள். "ஏனுங்க, நெசமாலுமே நீங்க ஒண்ணும் பண்ணலீங்கல்ல?"

கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் வரும் போன் மட்டும் நின்றுபோனது. யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்... அவளும் நம்பியிருக்கிறாள்.

வேலை போனாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். இது தாங்கவில்லை.

கடைசியில் மேனேஜர் மனோகரன் சாரைக் கூப்பிட்டார். சார் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு முழுக்க டிரைவருக்குப் பின்னால் நின்று, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாராம். என்னையும் அதே பார்வைதான் பார்த்தார்.

மேனேஜரின் ஒற்றன் என்று முடிவு கட்டினேன். டீ கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"புரோகிராம் தானா டிஸ்க்ல எழுத முடியாதுங்க. எழுதிக்குடுன்னு சிஸ்டத்தக் கேக்கணும். அது முடியாதுன்னா, ஏன் முடியலைன்னு ஒரு நம்பரும் குடுக்கும். நான் அந்த நம்பரப் பாக்காம வெறும் பிழைன்னு எழுதித் தொலைச்சிட்டேன்."

"அப்பறம் ஆபரேட்டரக் கேக்கச் சொன்னது?"

"வேற யாரச் சொல்றதுன்னு தெரியலீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு டீயைத் திருப்பி வாங்கியிருப்பேன்.

உட்கார்ந்து மாற்றினார். என்ன செய்யப் போய் முடியவில்லை, எந்தப் பைலில், எதனால்... மூன்றும் திரையில் வரும்படி. சாயங்காலம் மூட்டையை வைத்தோம்.

"மாலை எடை பைலில் எழுத முடியவில்லை. காரணம்: சாதனத்துக்குப் பொருந்தாத செயல்."

"பொருந்தாத செயல்னே போட்டிருக்கு, பாத்தீங்களா?" என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

மனோகரன் சார் திரையை முறைத்தார். "இது பொய்ங்க" என்றார்.

தான் எழுதியதையே சந்தேகப்பட்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

"முடியாதுன்னு சொன்ன ஒடனே அந்த நம்பர எடுத்து வெச்சுக்கணும். நான் நடுவுல வேறொரு வேலை ஏவிட்டேன். அதுவும் நடக்கல. இது அதோட நம்பருங்க."

வரிகளை இடம் மாற்றினார். மறுபடி மூட்டையை வைத்தோம்.

"மாலை எடை பைலில் எழுத முடியவில்லை. காரணம்: டிஸ்கில் இடமில்லை."

டிஸ்கை எது அடைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தார்.

நான்.

தலை சொறியும் நான், கொட்டாவி விடும் நான், யாரும் பார்க்கவில்லை என்று மூக்கு நோண்டும் நான். எல்லாக் கேமராவும் அதே டிஸ்கில்தான் பதிந்திருக்கின்றன. மேனேஜர் காலையில் வந்து பார்த்துவிட்டு அழிப்பார். மாலைக்குள் மறுபடி நிரம்பிவிடும். காலை ஷிப்டுக்குப் பிழையே வராத மர்மம் இதுதான்.

"சரி சரி, ரூமுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்றார் மேனேஜர்.

மனோகரன் சார் நகரவில்லை. மூட்டையோடு நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏனுங்க, எல்லாரும் கேட்டுக்குங்க. யாரு இலையும் யாரு பேருக்கும் போகல. கேமராப் படம் டிஸ்க ரொப்பிருச்சு, அதனால எடை பதிவாகல. அதச் சொல்லாம இவரக் கைகாட்டி வுட்டது நான் எழுதுன புரோகிராமு. தப்பு என்னோடதுங்க."

சத்தமாகச் சொன்னார். பின்வரிசையில் காது கேட்காதவர் ஒருவர் "என்ன?" என்றார். அவருக்காக இன்னொரு தடவை சொன்னார்.

யாரோ அதைப் போனில் எடுத்து ஊர் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அன்றே மகள் கூப்பிட்டாள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வெகுநேரம் திட்டினாள். மறுநாளிலிருந்து பழையபடி தினமும் போன் வந்தது.

இப்போது பஸ்ஸில் குன்னூர் தாண்டிவிட்டேன். மகளும் நேராக அவர் வீட்டுக்கே வருகிறாள். சாரை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

போய் வாருங்கள் சார்.

மகள் நேற்றுகூடக் கூப்பிட்டாள்.