பின்னால் ஓடிய வார்

கண் டாக்டரம்மா சொன்னதை அசைபோட்டபடி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிறேன். ரயில் ஜன்னலில் வெகுநேரம் பார்த்துவிட்டு, வண்டி நின்றதும் பிளாட்பாரத்தைப் பார்த்தால் அது முன்னால் நகர்கிறதே, கண் கெட்டுவிட்டதா என்று கேட்கப் போயிருந்தேன். கண்ணில் கோளாறில்லையாம். மூளையின் பின்பக்கத்தில் பார்வைக்கென்று இருக்கும் நரம்புச் செல்களில் சில, ஒரு பக்கமாக ஓடுவதைக் கண்டால்தான் துடிக்குமாம். சில, எதிர்ப்பக்கமாக ஓடுவதைக் கண்டால். ஒரே ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதற்குரியவை சோர்ந்துபோகும். ஓட்டம் நின்றதும் மற்றவை கை ஓங்கி, நிற்பதையும் எதிர்ப்பக்கமாக ஓடுவதாகக் காட்டும். எல்லோருக்கும் உள்ளதுதான் தாத்தா என்றார்.

எல்லோருக்கும். சங்கரன்கோவிலில் அன்று இதைச் சொல்ல ஆளில்லை.

வெள்ளைக்காரன் போன புதிது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு ஆறு மாதத்துக்கு மேல் எந்த ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொண்டதில்லை. அங்கே பருத்தி அரவை மில்லில் மூட்டை தூக்கினேன். கூட்டாளி செல்லையாவுக்கு முக்காலி வேலை. இஞ்சினிலிருந்து மெஷினுக்கு ஓடும் தோல்வாரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து, வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவ வேண்டும். இன்றும் எங்காவது குங்கிலியம் புகைந்தால் எனக்கு பக்தி வராது. அந்த வார்தான் வரும்.

அவன் சாப்பிடப் போகையில் நான் உட்காருவேன். ஒருநாள் எழுந்து பார்த்தால் சுவர் ஊர்ந்தது. சொன்னதும், "ஒமக்குமாவே?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். பித்துப் பிடித்துவிட்டதோ என்று பயந்து பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

பிறகொரு நாள், இஞ்சினை அப்போதுதான் நிறுத்தினார்கள். சிக்கிய பஞ்சை எடுக்க, அங்கே பஞ்சு அள்ளும் மாரியக்கா மெஷினுக்குள் கைவிட்டாள். "கைய எடுக்கா, வார் பின்னால ஓடுது" என்று செல்லையா கத்தினான். பதறி இழுத்ததில் இரும்பில் அடித்து அவள் மணிக்கட்டு முறிந்தது. வார் அசையாமல் கிடந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

கஞ்சா குடித்துவிட்டு வந்தாயா என்று மேனேஜர் சத்தம் போட்டார். செல்லையா என்னைக் காட்டி, இவரையும் கேளுங்கள் என்றான்.

"ஏலே, நீயும் அங்கன உக்காருதவன்தான. ஒனக்கு அப்படித் தெரிஞ்சுதா?"

"இல்லய்யா."

செல்லையா திட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டான். "நல்லா இரும்வே" என்று சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டினான். பெண்டாட்டியோடு சிவகிரிப் பக்கம் போனதாகச் சிலர், கடையநல்லூர் என்று சிலர். நான் தேடிப் போகவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மாரியக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். செல்லையா எங்கே என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

செல்லையா கேட்டைத் தாண்டிப் போன மறுநாள் காலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். இனி மூட்டை தூக்க வேண்டாம் என்றார். செல்லையாவின் முக்காலியில் உட்கார்ந்து வாரைப் பார்க்க ஆரம்பித்தேன்.