காணாமல் போன இரண்டரை மணி நேரம்

நேற்று மகன் சிங்கப்பூருக்குப் பறந்தான். விமானம் எங்கே போகிறதென்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல்மேல் மஞ்சளாக ஓர் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. மொத்தம் நாலு மணி நேரம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று அதுவே சொல்லிவிடுகிறது. எனக்கு அது சொல்லியா தெரிய வேண்டும்? விமானத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து மட்டுமே பார்த்த வயதில் கற்ற கணக்கு அது.

பத்தாவது முடித்துவிட்டுக் சென்னை ஓரத்துக் குமணன்சாவடியில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்கு இருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் ஊதுவத்தி, வியர்வை, யாரோ வைத்து வந்த மல்லி எல்லாம் கலந்து ரிசீவரில் ஒட்டியிருக்கும். பேசக் கூச்சப்படுகிற என்னைப் போய் ஊரே பேசுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள், பாருங்கள். பேச்சு வராதபோதெல்லாம் "மணி என்ன?" என்று கேட்டுவைப்பேன். தலைக்கு மேலேயே கடிகாரம் தொங்கும்.

பக்கத்து ஊரான நூம்பல் அமுதா அக்காவின் வீட்டுக்காரர் வெல்டர். முதன்முதலாகச் சிங்கப்பூர் கிளம்பினார். சிங்கப்பூர் என்று சொல்லி பம்பாயில் இறக்கிவிட்டு ஓடுகிற ஏஜென்டுகளும் இருந்த காலம். அக்காவுக்கு அந்தப் பயம்தான். போய்ச் சேர்ந்ததும் அவர் எங்கள் பூத்துக்குப் போன் போட்டு, ரெண்டு தடவை மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும். நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்குக் காசு போகும்.

அவர் கிளம்பிய அன்று மதியமே அக்கா வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட் அவளுக்கு மனப்பாடம். ஹவரை 'அவரு' என்பாள்.

"பத்துக்குக் கெளம்பி நாலரைக்கு எறங்குதுன்னு போட்டுக்கீது. ஏஜென்டு நாலு அவருதான்னான். மிச்ச ரெண்டரை அவரு எங்கமே இட்டுகினு போறான்?"

எனக்கென்ன தெரியும்? "மணி என்னக்கா?" என்றேன்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. ரெண்டு தடவை அடித்து நின்றது. அக்கா வெளுத்துப்போனாள்.

"நாலரைக்குத்தானே எறங்கணும்? வழியிலியே எறக்கி உட்டுட்டான்மே!"

அவள் அழத் தொடங்கியபோது மறுபடி அடித்தது. எங்களுக்குக் கேட்டதோ இல்லையோ என்று அவருக்குச் சந்தேகம் போல. என்ன தைரியமோ, எடுத்துவிட்டேன். எடுத்தால் பேச வேண்டுமே என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அண்ணே... மணி என்ன?"

"ஏம்மே எடுத்த? காசு பூடும். மணி ஆறு!"

"அக்கா, ஆறாம்!"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற எங்கள் முதலாளி கல்லாவிலிருந்து சிரித்தார்.

"அங்க நமக்கு முன்னாடியே பொழுது விடிஞ்சிடும்மா. பம்பாயா இருந்தா மூணரைன்னு சொல்லியிருப்பான். உன் ஆளு சிங்கப்பூர்லதான் இருக்கான்."

"அப்ப அந்த ரெண்டரை அவரு?"

"திரும்பி வரும்போது குடுத்துடுவாங்க."

அக்கா ரிசீவரைப் பிடுங்கினாள். அத்தனை பயத்துக்கும் கடைசியில் கேட்டது, "இன்னாயா துன்ன?" அவர் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

ரெண்டு வருடம் கழித்து அவர் வந்த மறுநாள், கை நிறைய சாக்லேட்டோடு அக்கா வந்தாள்.

"குடுத்துட்டாங்கமே! ஒன்ற அவருல வந்துட்டாரு. டிக்கெட்லியே கீது, பாரு."

நூம்பலில் பாதிப் பேர் நம்பினார்கள். நானும் இன்றுவரை மறுக்கவில்லை.

பூத் இருந்த இடத்தில் இப்போது மெட்ரோ தூண் நிற்கிறது. எடுக்கக் கூடாத ஒரு போனுக்காகப் பெஞ்சில் காத்திருப்பவர்கள் யாரும் இல்லை. மகன் இறங்கிவிட்டான் என்று எறும்பே சொல்லிவிட்டது. ஆனாலும் அவனைக் கூப்பிட்டேன்.

"அங்க மணி என்னடா?"

"உன் போன்லயே காட்டுமேம்மா" என்றான்.