நாலா மடிச்ச கண்ணு சீட்டு

இல்ல கவிதா, நீ சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். கண்ணு பார்க்கற போர்டுல கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டாக் கண்ணு நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்ல. நானும் அப்படிப் படிச்சவதான்.

நீங்களே கேளுங்க. எம்மக கவிதா நல்லூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் டேபிள்ல நிக்கறா. அதே டேபிள்ல நான் இருபத்தாறு வருசம் நின்னவளுங்க. தெச்சு வர்ற பீஸை விரிச்சு, திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட எடம் எல்லாம் பார்த்துத் தள்ளோணும். அந்த வேலைக்குக் கண்ணுதானுங்க கை, கண்ணுதான் காலு. போன வாரம் அங்க கண்ணு கேம்ப் போட்டாங்க. இவ போர்டை மடமடன்னு படிச்சிருக்கறா. ஆனா நாப்பது தாண்டுனவ, அம்மாவுக்கு வேற கண்ணுல பிரசர். அதனால ஆஸ்பத்திரிக்கு வந்து சொட்டு ஊத்தி உள்ள நரம்பைப் பார்க்கோணும்னு சீட்டு குடுத்திருக்காங்க. கேட்டா, "அது எங்கயோ போச்சும்மா"ங்கறா. செக்கிங்ல நின்னவங்க எல்லாருக்கும் சீட்டு எப்படித் தொலையும்னு தெரியுமுங்க.

ஒரு வரிசையே மனப்பாடம்

எங்க காலத்து கேம்ப்புல சுலோச்சனாதான் மொத ஆளு. அவளுக்குத் தொண்டை பெருசு. மில்லுல இருந்து வந்தவ, மிசின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசிப் பழகிட்டா. அவ உள்ள நின்னு எழுத்து எழுத்தாக் கத்துனா, வெளிய வரிசைல நிக்கற நாங்க அத்தனை பேரும் மனப்பாடம் பண்ணிக்குவோம். கண்ணு செரியில்லைன்னா செக்கிங்ல இருந்து தூக்கி நூல் வெட்டப் போட்டுருவாங்கன்னு பயம். எனக்கு அப்பவே இடது கண்ணு மங்கல். வலது கண்ணைப் பொத்தச் சொன்னாங்க, பொத்திக்கிட்டுக் கோயில்ல பாட்டுப் பாடறவளாட்ட ஒப்பிச்சுட்டு வந்துட்டேன்.

எங்க கூட மினதின்னு ஒரு ஒடிசாப் பொண்ணு. அவளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாதுன்னு, இங்கிலீசு 'E' ஆட்டம் மூணு கால் வெச்ச படத்தைக் காட்டி, கால் எந்தப் பக்கம்னு கையில காட்டச் சொன்னாங்க. அவ தப்புத் தப்பாக் காட்டுனா. கண்ணாடி எழுதிக் குடுத்தாங்க. அதைப் போட்டுக்கிட்டு இன்னிக்கும் அதே டேபிள்லதான் நிக்கறா, யாரும் தூக்கல. நான்தான் ஊட்டுல உக்காந்திருக்கறேன். போன மாசம் என்னைப் பார்க்க வந்தப்ப சொன்னா: "எனக்குத் தமிழ் தெரியாது அக்கா, அதான் பொய் சொல்ல முடியல."

சொட்டு மருந்து மேசை

போர்டு முடிஞ்சு அக்கட்ட ஒரு மேசை. அங்கதான் சொட்டு. அதை ஊத்துனாக் கண்ணுப் பாப்பா விரியும், டாக்டர் டார்ச் அடிச்சு உள்ள நரம்பு வரைக்கும் பார்ப்பாங்க. நாலஞ்சு மணி நேரம் கிட்ட இருக்கறது எல்லாம் மங்கலாத் தெரியும், வெயிலு கூசும். அவ்வளவுதானுங்க, வலியில்ல. ஆனா அன்னைக்கு ஷிப்மெண்ட். எனக்குச் சக்கரை இருக்குதுன்னதும், நரம்பு பார்க்கோணும்னு அந்த மேசைக்குச் சீட்டு குடுத்தாங்க. நாலா மடிச்சு மணிபர்ஸ்ல போட்டுக்கிட்டுப் பீஸ் பார்க்கப் போயிட்டேன். சூப்பர்வைசர் தம்பிக்கு அத்தனை சந்தோசம்: "உங்களாட்டம் பொறுப்பா ஒருத்தருமில்லீங்க அக்கா, கண்ணு எங்க ஓடியா போயிருது?"

இடது கை

ரெண்டு வருசம் சீட்டு பர்ஸ்லயே கெடந்துது. ஒருக்காக் காதர்பேட்டைல பேரனுக்கு ஜட்டி எடுக்கப் போனேன். அவன் ஒரு நெறம் எடுத்தா ஒம்போது நெறம் கேப்பான், அது கெடக்கட்டும். பொட்டணம் ஏத்துன தள்ளுவண்டி இடது தோள்ல வந்து இடிச்சுப்போட்டுது. நான் வண்டிக்காரனைத்தான் வஞ்சேன். அவன் சண்டைக்கு வராம, குனிஞ்சு என் கண்ணைப் பார்த்துக் கேட்டான்: "ஏனுங்கம்மா, இத்தாச்சோட்டுப் பெரிய வண்டி வருது, நெசமாவே தெரியலீங்களா?"

அடுத்த வாரமே கம்பெனில கூப்புட்டாங்க. சரக்கு வாங்கற பையரோட ஆளு பொட்டி பிரிச்சுப் பார்த்து டேமேஜ் பீஸெல்லாம் தனியா அடுக்கி வெச்சிருந்தாரு. எல்லாம் என் டேபிள் பீஸு. அதே சூப்பர்வைசர் தம்பி ஒவ்வொண்ணா விரிச்சுக் காட்டுனான்; அவன் கொரலே எறங்கிப் போச்சு: "அக்கா, ஓட்டை அத்தனையும் உங்களுக்கு இடது பக்கம் வர்ற பனியன் கையிலயே இருக்குதுங்களே?"

காத்து அடிக்கற மிசின்

ஆஸ்பத்திரில வேற போர்டு. சுலோச்சனா இல்ல. இடது கண்ணுல மேல் வரியே தெரியல. பொறகு மிசின்ல தாடையை வெச்சா, கண்ணுல புஸ்ஸுன்னு ஒரு காத்து. அதுல பிரசர் தெரிஞ்சுருமாம். பழைய கண்ணாடி, சக்கரைக்கு சாப்புடற மாத்திரை எல்லாம் கேட்டாங்க. ஒண்ணும் கொண்டு போகல. நீங்க கொண்டு போங்க. கடைசியாச் சொட்டு ஊத்திப் பார்த்துட்டு டாக்டரம்மா சொன்னாங்க, கண்ணுல பிரசர் ஏறி நரம்பு கெட்டுப்போச்சு, இந்த நோய் வலிக்காது, செவக்காது, ஓரத்துல இருந்து பார்வையைத் தின்னுக்கிட்டே வருமுன்னு. நான் ஆபரேசன் பண்ணுனா வந்துருமான்னு கேட்டேன். அவங்க என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க: "போனது வராதுங்கம்மா. மருந்து மீதி இருக்கறதைக் காப்பாத்தத்தான். இது பெத்தவங்களுக்கு இருந்தாப் புள்ளைங்களுக்கும் வரலாம். உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"

பூண்டி பஸ்ஸு

தொணைக்கு ஆளைக் கூட்டிட்டுத்தான் போகோணும். நான் தனியாப் போனேன். சொட்டு ஊத்துன கண்ணோட வெளிய வந்தா ஊரே வெள்ளை வேட்டியாட்டத் தெரியுது. பஸ் போர்டு தெரியாம மாத்தி ஏறித் திருமுருகன்பூண்டில எறங்கிட்டேன். நாலாப் பக்கமும் உளிச் சத்தம். ஒரு சிற்பி பட்டறைக்குள்ள நெழல்ல உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாரு. விசயத்தைச் சொன்னேன். அவரு ஒரு அம்மன் செலை மொகத்தைத் தொடச்சுட்டே சொன்னாரு: "செலைக்குத்தானுங்க நாங்க கண்ணைக் கடைசியாப் பார்க்கறது. மனுசரும் அப்படியே இருந்துக்கறீங்களே."

டிபன் பை

இப்ப இடது பக்கம் யாரு உக்காந்தாலும் சத்தம் குடுத்தாத்தான் எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சொட்டு, சாகற வரைக்கும். ஆனா வெரலு இன்னும் செக்கிங் வெரலுங்க. இன்னிக்குக் காலைல கவிதா டிபன் பையைக் கழுவ எடுத்தேன். உள்பைல காய்தம் தட்டுப்பட்டுது, நாலா மடிச்சு. மடிப்புக்கூட என் மடிப்பாட்டவே இருந்துது. எடுத்த எடத்துலயே வெச்சுட்டேன். நான் இத்தனை கதை சொல்லி முடிச்சும், அவ வாசப்படில செருப்பை மாட்டிக்கிட்டே கேக்கறா: "திங்கக்கெழமை ஷிப்மெண்ட் முடியட்டும்மா, கண்ணு எங்க ஓடியா போயிருது?"

ஊரார் போடற பனியன்ல ஊசி முனையத்தனை ஓட்டைக்குக்கூடத் திருப்பி அனுப்புனவ, என் கண்ணுல விழுந்த ஓட்டையை மட்டும் நானே பாஸ் பண்ணி விட்டுப்போட்டேனுங்க.

ஏ கவிதா, செருப்பைக் கழட்டு. டிபன் பையில உள்பைல இருக்கற அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு உள்ள வா சாமி.